தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பிறகு ஏன் 24 டிகிரியிலேயே உருகிவிடுகிறது?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு கெட்டியாக இருக்கும், நிறைவுறாதது திரவமாக இருக்கும் என்று பாடத்தில் படித்தோம். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்றது, நெய்யில் 60–65 சதவீதம்தான், ஆனாலும் 30 டிகிரி வெயிலில் தேங்காய் எண்ணெய் தண்ணீராக ஓட, நெய் மணல் மணலாக நிற்கிறதே, ஏன்? இரண்டாவது: எண்ணெய், மெழுகு, லெசித்தின், கொலஸ்ட்ரால் என்று எல்லாவற்றையும் ‘லிப்பிட்’ என்ற ஒரே தலைப்பில் போடுகிறார்களே, இவற்றுக்குள் என்ன உறவு?

பாடப்புத்தகம் சொல்வது தப்பில்லை, ஆனால் பாதிதான். இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதோடு, சங்கிலி எவ்வளவு நீளம், எந்த அமிலம் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

அமைப்பிலிருந்து தொடங்குவோம். சமையலறையில் இருக்கும் எண்ணெய் எதுவானாலும் அதில் பெரும்பங்கு டிரைகிளிசரைடுதான். கிளிசரால் மூன்று கார்பன் கொண்ட சிறிய மூலக்கூறு; ஒவ்வொரு கார்பனிலும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. கொழுப்பு அமிலத்துக்கு ஒரு முனையில் கார்பாக்சில் தொகுதி, மீதி முழுக்க ஹைட்ரோகார்பன் சங்கிலி. கார்பாக்சிலும் ஹைட்ராக்சிலும் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி எஸ்டர் பிணைப்பு உண்டாகிறது. மூன்று இடத்திலும் இது நடந்தால் டிரைகிளிசரைடு. இரண்டு இடத்தில் நடந்தால் டைகிளிசரைடு, ஒன்றில் என்றால் மோனோகிளிசரைடு. ஐஸ்கிரீம், பிரெட் உறைகளில் ‘எமல்சிஃபையர் 471’ என்று அச்சிட்டிருப்பது இந்தக் கடைசி இரண்டின் கலவை.

டிரைகிளிசரைடின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் கொழுப்பு அமிலங்களுடையது. கிளிசரால் எல்லா எண்ணெயிலும் ஒன்றே. ஆகவே நல்லெண்ணெய்க்கும் நெய்க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அமிலங்களில்தான் இருக்கிறது. கொழுப்பு என்பது தனிப்பொருள் அல்ல, அமிலமும் கிளிசராலும் சேர்ந்தது என்று தெளிவாக நிறுவியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல். அவருடைய ஆய்வுத் தொகுப்பு 1823-இல் வெளிவந்தது. சோப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் அவர் இதைக் கண்டார். சோப்பு இந்தப் பதிலில் மறுபடி வரும்.

இப்போது நிறைவுற்ற அமிலங்களை நீளப்படி வரிசையாக வைத்து உருகுநிலையைப் பாருங்கள். 8 கார்பன் கொண்ட காப்ரிலிக் அமிலம் சுமார் 16 டிகிரி செல்சியஸில் உருகும். 10 கார்பன் காப்ரிக் 31, 12 கார்பன் லாரிக் 44, 14 கார்பன் மிரிஸ்டிக் 54, 16 கார்பன் பால்மிட்டிக் 63, 18 கார்பன் ஸ்டியரிக் 69. எல்லாமே நிறைவுற்றவை. சங்கிலி நீள நீள, பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டும் பரப்பு கூடுகிறது. பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். (கார்பன் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே வருவதற்குக் காரணம், உயிரணு இந்தச் சங்கிலிகளை அசிட்டைல் துண்டுகளிலிருந்து இரண்டிரண்டு கார்பனாகக் கட்டுவதுதான்.)

தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் 45–53 சதவீதம், மிரிஸ்டிக் 16–21 சதவீதம், 8-உம் 10-உம் கார்பன் கொண்டவை சேர்ந்து 10 முதல் 18 சதவீதம் வரை. நீளமான ஸ்டியரிக் வெறும் 2–4 சதவீதம். நிறைவுற்றதுதான், ஆனால் குட்டைச் சங்கிலி. அதோடு ஒரே மூலக்கூறில் 8, 12, 14 என்று நீளம் மாறிய சங்கிலிகள் கலந்து வருவதால் அடுக்கு இன்னும் தளர்கிறது. மூன்று இடத்திலும் லாரிக் மட்டுமே இருந்தால் அந்தக் கொழுப்பு 46 டிகிரி வரை கெட்டியாக நிற்கும். கலப்பு வந்ததும் 24-க்கு இறங்கிவிடுகிறது.

நெய் வேறு மாதிரி. அதில் பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் சேர்ந்து முப்பத்தைந்து, நாற்பது சதவீதம். இன்னொரு கோடியில் 4 கார்பனே கொண்ட பியூட்டிரிக் அமிலம். எடையில் பியூட்டிரிக் 3–4 சதவீதம்தான். ஆனால் அது மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் எண்ணிக்கையில் பத்தில் ஒன்று. அதாவது ஏறத்தாழ மூன்று டிரைகிளிசரைடுக்கு ஒன்றில் பியூட்டிரிக் இருக்கிறது, அதுவும் கிளிசராலின் மூன்றாவது இடத்தில்தான். இப்படிக் குட்டையும் நெட்டையுமாக இருப்பதால் நெய்க்கு ஒரே உருகுநிலை கிடையாது. ஒரு பகுதி 20 டிகிரிக்கு முன்பே உருகிவிடும், நீளச் சங்கிலிப் பகுதி உடல் வெப்பம் வரை தாக்குப்பிடிக்கும். 30 டிகிரியில் நீங்கள் பார்க்கும் மணல் அந்த நீளச் சங்கிலிகளின் படிகம். சுற்றி இருக்கும் திரவம் மற்றவை. உருக்கிய நெய்யை மெதுவாக ஆறவிட்டால் படிகம் பெரிதாக வளரும். சட்டென்று ஃபிரிட்ஜில் வைத்தால் மணலே இல்லாமல் வழவழவென்று இறுகும். மணல் இல்லாத நெய் கலப்படம் என்று முடிவு கட்டுவது அதனால்தான் சரியல்ல. தேங்காய் எண்ணெயிலோ மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் இரண்டு மூன்று டிகிரி இடைவெளிக்குள் மொத்தமும் உறையும், மொத்தமும் உருகும்.

அடுத்தது இரட்டைப் பிணைப்பு. ஸ்டியரிக்கும் ஒலியிக்கும் 18 கார்பன்தான். ஒலியிக்கில் 9-ஆவது, 10-ஆவது கார்பன்களுக்கு இடையே ஒரு இரட்டைப் பிணைப்பு. இரண்டு ஹைட்ரஜன் குறைவு. உருகுநிலை 69-லிருந்து 13-க்கு விழுந்துவிடுகிறது. ஹைட்ரஜன் குறைந்ததை விட, சங்கிலி வளைந்ததுதான் காரணம். இயற்கை எண்ணெய்களில் இரட்டைப் பிணைப்பு சிஸ் வடிவில் இருக்கும்: சங்கிலியின் இரு பாதிகளும் ஒரே பக்கம் திரும்பும். நேரான விறகைக் கட்டாக அடுக்கலாம், கோணல் விறகை அடுக்க முடியாது, அவ்வளவுதான். லினோலியிக்கில் இரண்டு வளைவு, உருகுநிலை −5. ஆல்ஃபா லினோலெனிக்கில் மூன்று, −11. அதே ஒலியிக்கை டிரான்ஸ் வடிவுக்கு மாற்றினால் அது எலைடிக் அமிலம்: அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனால் சங்கிலி ஏறக்குறைய நேராகிவிடுவதால் 45 டிகிரி வரை கெட்டி.

நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும் சேர்ந்து 80 சதவீதத்துக்கு மேல். மார்கழிக் குளிரிலும் அது உறையாததன் காரணம் இது. கடலெண்ணெயும் (நிலக்கடலை எண்ணெய்) அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்தால் குழம்பிக் கெட்டியாகிறது. அதில் 20, 22, 24 கார்பன் கொண்ட மிக நீளமான நிறைவுற்ற அமிலங்கள் கொஞ்சம் உண்டு. அவை முதலில் படிகமாகி மற்றதையும் பிடித்துக்கொள்கின்றன. இந்தத் தொல்லையே சோதனைக்கும் உதவுகிறது. கடலெண்ணெயைச் சோப்பாக்கி, அசெட்டிக் அமிலம் சேர்த்து, 70 சதவீத ஆல்கஹாலில் மெதுவாகக் குளிரவிட்டால் 39–41 டிகிரியில் கலங்கல் தோன்றும். பெல்லியர் சோதனை என்பது இது. வேறு எண்ணெய் கலந்திருந்தால் அந்த வெப்பநிலை நகரும்.

அமிலங்களின் சதவீதம் ஒன்றாக இருந்தாலும் அவை உட்கார்ந்திருக்கும் இடம் மாறினால் குணம் மாறும் என்பதற்குக் கோகோ வெண்ணெயை விட நல்ல சான்று இல்லை. அதில் பால்மிட்டிக், ஸ்டியரிக், ஒலியிக் மூன்றும்தான் முக்கியம். பெரும்பாலான மூலக்கூறுகளில் ஒலியிக் நடு இடத்திலும் நிறைவுற்றவை இரு ஓரங்களிலும் இருக்கும். இந்த ஒழுங்கினால் அது சுமார் 34 டிகிரியில், குறுகிய இடைவெளியில், வாயில் போட்டதும் உருகுகிறது. சோடியம் மெத்தாக்சைடு போன்ற வினையூக்கி சேர்த்து அமிலங்களை இடம் மாற்றிக் கலைத்துவிட்டால் சதவீதம் மாறாது. ஆனால் உருகுவது நீண்ட வெப்ப இடைவெளிக்குப் பரவி, சாக்லேட் வாயில் மெழுகு மாதிரி நிற்கும். மேலும் கோகோ வெண்ணெய் ஆறு படிக வடிவங்களில் உறையக்கூடியது. சாக்லேட்டுக்கு வேண்டியது ஐந்தாவது. அதற்காகத்தான் கறுப்பு சாக்லேட்டை 45–50 டிகிரிக்கு உருக்கி, 27–28-க்கு இறக்கி, மறுபடி 31–32-க்கு ஏற்றுகிறார்கள். மூன்றாவது கட்டத்தில் கை தவறி 34-ஐத் தாண்டினால் உருவான வித்துப் படிகங்கள் எல்லாம் கரைந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடையில் வெயிலில் உருகி மறுபடி இறுகிய சாக்லேட்டின் மேல் வெள்ளையாகப் படர்வது பெரும்பாலும் பூஞ்சை அல்ல. படிக வடிவம் மாறி மேலே வந்த கொழுப்பு.

டிரான்ஸ் என்றதும் டால்டா, அதாவது வனஸ்பதி, ஞாபகம் வரும். திரவ எண்ணெயில் நிக்கல் தூளைப் போட்டு, சூடாக்கி, ஹைட்ரஜனைச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் நிரம்பும். ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஹைட்ரஜன் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை என்பதுதான் சிக்கல். முதல் அணு ஏறியதும் அந்த இடம் ஒற்றைப் பிணைப்பாகி, சங்கிலி சுழல முடிகிறது. இரண்டாவது அணு கிடைக்காமல் முதலாவதும் கழன்றுவிட்டால் இரட்டைப் பிணைப்பு மறுபடி உருவாகும், இந்த முறை நிலைப்பு அதிகமுள்ள டிரான்ஸ் வடிவில். ஆகவே பாதியில் நிறுத்திய ஹைட்ரஜனேற்றம்தான் டிரான்ஸ் கொழுப்பின் ஊற்று. முழுக்க ஏற்றிவிட்டால் எஞ்சுவது ஸ்டியரிக்தான். டிரான்ஸ் ஏறக்குறைய இருக்காது. ‘ஹைட்ரஜனேற்றப்பட்டது’ என்று உறையில் பார்த்ததுமே டிரான்ஸ் என்று எடுத்துக்கொள்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை டிரான்ஸ் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சுவைக்காக அல்ல, நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் பிடிப்பதற்காக. நல்லெண்ணெயில் உள்ள செசமோலின் அமிலத்தில் உடைந்து செசமோல் தர, அது ஃபர்ஃபுராலோடு சேர்ந்து சிவப்பு நிறம் தரும். செய்முறை எளிது: மூடியுள்ள 25 மில்லி அளவுக் குழாயில் உருக்கிய நெய் 5 மில்லி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லி, ஆல்கஹாலில் கரைத்த 2 சதவீத ஃபர்ஃபுரால் 0.4 மில்லி; இரண்டு நிமிடம் பலமாகக் குலுக்கிவிட்டுப் பிரியவிடுங்கள். அடியில் நிற்கும் அமில அடுக்கு இளஞ்சிவப்பானால் 5 மில்லி தண்ணீர் ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். நிறம் நின்றால் நல்லெண்ணெய் இருக்கிறது, போய்விட்டால் இல்லை. சாயம் கலந்த நெய் வெறும் அமிலத்திலேயே சிவக்கக்கூடும் என்பதால், ஃபர்ஃபுரால் இல்லாமல் ஒரு முறை செய்து ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அமிலங்களின் நீளத்தையும் இரட்டைப் பிணைப்பையும் பெரிய கருவி இல்லாமல் அளக்க இரண்டு பழைய எண்கள் இருக்கின்றன. இன்றைக்கு வாயு நிறப்பகுப்பியல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றாலும், இந்த இரண்டையும் புரிந்துகொண்டவருக்கு எண்ணெயின் வேதியியல் பாதி புரிந்த மாதிரி.

சோப்பாதல் எண் என்பது ஒரு கிராம் கொழுப்பை முழுக்கச் சோப்பாக்கத் தேவைப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மில்லிகிராம். ஒரு டிரைகிளிசரைடுக்கு மூன்று ஹைட்ராக்சைடு. சங்கிலி குட்டையானால் மூலக்கூறு லேசு, ஒரு கிராமில் அதிக மூலக்கூறு, எண் உயரும். மூன்று லாரிக் கொண்ட மூலக்கூறின் எடை 639. 3 × 56.1 × 1000 ÷ 639 = 263. மூன்று ஒலியிக் என்றால் எடை 885, எண் 190. தேங்காய் எண்ணெய்க்கு உண்மையில் கிடைப்பது 248–265, நல்லெண்ணெய்க்கு 186–195. கணக்கும் சோதனையும் எவ்வளவு நெருங்கி வருகின்றன பாருங்கள்.

செய்யும் முறை: கூம்புக் குடுவையில் எண்ணெயை 1.5–2 கிராம் துல்லியமாக எடைபோட்டு, ஆல்கஹாலில் கரைத்த 0.5 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 25 மில்லியைப் பிப்பெட்டால் விட்டு, குளிர்விப்பான் பொருத்தி ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். பிறகு காரத்தில் இளஞ்சிவப்பாகும் ஃபினால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இளஞ்சிவப்பு மறையும் வரை தரம் பார்க்க (டைட்ரேஷன்) வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஒரு வெற்றுச் சோதனையும் கூடவே ஓட வேண்டும். எண் = 56.1 × (வெற்றுச் சோதனைக்குச் செலவான அமில மில்லி − மாதிரிக்குச் செலவான மில்லி) × அமிலத்தின் நார்மாலிட்டி ÷ எண்ணெயின் எடை. எண் குறைவாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கொதிக்கவிட்ட நேரம். சோப்பாகாத துளி குடுவைச் சுவரில் ஒட்டியிருக்கும். வெற்றுச் சோதனையை மட்டும் கொதிக்க வைக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிற பிழை. காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுக்கும், சூட்டில் கண்ணாடியையும் கொஞ்சம் தின்னும். இரண்டும் இரு குடுவையிலும் ஒரே அளவு நடந்தால்தான் கழித்தல் சரியாகும்.

வீட்டில் சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு இந்த எண் உயிர்நாடி. அட்டவணைகளில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கான எண். கட்டிச் சோப்புக்கு நீங்கள் போடுவது காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. மூலக்கூறு எடை 56.1-க்குப் பதில் 40. எனவே தேங்காய் எண்ணெய்க்கு எண் 257 என்று வைத்துக்கொண்டால், அதை 40-ஆல் பெருக்கி 56.1-ஆல் வகுத்தால் 183. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம் காஸ்டிக் சோடா. தோலுக்கு இதமாக இருக்க 5 சதவீத எண்ணெயைச் சோப்பாக்காமல் விட வேண்டும் என்றால் 174 கிராம், தண்ணீர் 350 மில்லி அளவில். மாற்றிக் கணக்கிடாமல் 257 கிராமை அப்படியே போட்டால் 74 கிராம் காரம் சோப்பிலேயே தங்கி, தோலைப் புண்ணாக்கும். நல்லெண்ணெய்க்கு ஒரு கிலோவுக்கு 135 கிராம்தான் முழு அளவு. தேங்காய் எண்ணெய்ப் பாகத்தில் பாதி எடுத்து நல்லெண்ணெயைப் போட்டுவிட்டு அதே காரத்தை ஊற்றுவதும் இதே விபத்தில்தான் முடியும். காரத்தைத் தண்ணீரில் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, ஹைட்ரஜன் வாயு கிளம்பி பாத்திரம் அரித்துவிடும்.

அயோடின் எண் இரட்டைப் பிணைப்புகளின் கணக்கு: 100 கிராம் கொழுப்பு எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பது. மூன்று ஒலியிக் என்றால் 86, மூன்று லினோலியிக் என்றால் 173. நல்லெண்ணெயில் ஒலியிக் 40, லினோலியிக் 43 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 34-உம் 74-உம் சேர்ந்து 108. அதற்கு வகுத்த எல்லை 104–120. தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11 வரைதான். வேலை விஜ்ஸ் கரைசலோடு: பனிநிலை (நீர் கலவாத) அசெட்டிக் அமிலத்தில் அயோடின் மோனோகுளோரைடு. மாதிரியோடு 25 மில்லி சேர்த்து, இருட்டில் அரை மணி நேரம் வைத்து, பொட்டாசியம் அயோடைடு விட்டு, வெளிவரும் அயோடினை 0.1 நார்மல் தயோசல்ஃபேட்டால் தரம் பார்க்க வேண்டும். மாதிரியின் எடையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 25 மில்லி கரைசலில் பாதி மீதம் நின்றால்தான் வினை முழுமையாகும், நல்லெண்ணெய்க்கு 0.25 கிராம் போதும், தேங்காய் எண்ணெய்க்கு 3 கிராம் வேண்டும். நல்லெண்ணெயை ஒரு கிராம் எடுத்தால் அயோடின் போதாமல் எண் பொய்யாகக் குறையும். குடுவையில் ஈரம் இருந்தாலும் கணக்குக் கெடும்.

இந்த எண் சரியாக வந்துவிட்டால் எண்ணெய் சுத்தம் என்றும் நம்பிவிட வேண்டாம். 58 எண்ணுள்ள பாமாயில் 28 பங்கும் 130 எண்ணுள்ள சூரியகாந்தி 72 பங்கும் கலந்தால் 110 வரும். நல்லெண்ணெய் எல்லைக்குள் அழகாக உட்கார்ந்துவிடும்.

எண்ணெய் கெடுவதும் இந்த அமைப்பிலிருந்தே விளங்கும். அதில் இரண்டு வகை. ஈரமும் லைப்பேஸ் நொதியும் எஸ்டரை வெட்டினால் கொழுப்பு அமிலம் தனியே விடுபடும். நெய்யில் விடுபடுவது பியூட்டிரிக், அதன் நாற்றம் தெரிந்ததே. தேங்காய் எண்ணெயில் லாரிக், வாயில் சோப்புச் சுவை. சரியாகக் காயாத கொப்பரையை ஆட்டினால் இது முதல் நாளே தொடங்கிவிடும். அரிசித் தவிட்டில் நொதி அவ்வளவு வேகம் என்பதால், ஆலையிலிருந்து வந்த சில மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைத்து நொதியை அழிக்காவிட்டால் சமையல் எண்ணெய்க்கு ஆகாது.

மற்றது ஆக்சிஜனேற்றம், சிக்கு வாடை, காறல் என்று சொல்வது இதைத்தான். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிய கார்பனில் ஹைட்ரஜன் மிக லேசாகப் பிடித்திருக்கும். ஒளியோ செம்போ இரும்போ அதைப் பிடுங்க உதவினால் அங்கே ஆக்சிஜன் ஏறி, பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடு ஆகும்; ஹைட்ரஜனை இழந்த சங்கிலியிலும் இதுவே நடக்கும்; தொடர்வினை. ஒலியிக்கின் வேகம் 1 என்றால் லினோலியிக் ஏறத்தாழ 10 மடங்கு, லினோலெனிக் 20–25 மடங்கு. ஹைட்ரோபெராக்சைடுக்கு வாடை கிடையாது. அது உடைந்து வரும் ஹெக்சனால் போன்ற ஆல்டிஹைடுகள்தான் மூக்கில் ஏறுகின்றன. ஹைட்ரோபெராக்சைடை அளக்கும் பெராக்சைடு எண் ஏறி, பிறகு இறங்கும் என்பது இதனால்தான். நன்றாகக் கெட்டுப்போன எண்ணெய் குறைந்த எண்ணைக் காட்டி ஏமாற்றக்கூடும். ஆல்டிஹைடுகளை அளக்கும் அனிசிடின் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லினோலியிக் இவ்வளவு இருந்தும் நல்லெண்ணெய் தாக்குப்பிடிப்பது செசமோல், செசமின் வகைகளாலும் வைட்டமின் ஈ-யாலும். வீட்டில் செய்ய வேண்டியது: கழுத்துவரை நிரப்பிய கலன், இருட்டு, செம்பு பித்தளை வேண்டாம், பழைய எண்ணெய் மிச்சத்தின் மேல் புதியதை ஊற்ற வேண்டாம். ஊற்றினால் பழையதில் இருக்கும் ஹைட்ரோபெராக்சைடு புதியதில் தொடர்வினையைத் தொடங்கி வைக்கும். ஆளிவிதை எண்ணெயில் லினோலெனிக் பாதிக்கு மேல். அது காற்றில் படலமாக இறுகுவதால் ஓவிய வண்ணத்துக்கு உதவுகிறது. அதில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிப்பதும் உண்டு.

இனி இரண்டாவது கேள்வி. லிப்பிட் என்பது அமைப்பைப் பார்த்து வைத்த வகை அல்ல. தண்ணீரில் கரையாமல் குளோரோஃபார்ம், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் கரையும் உயிர்ப்பொருள் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே உறவே இல்லாதவையும் ஒரே கூட்டத்தில் நிற்கின்றன. உள்ளே பிரித்துப் பார்க்க உதவும் கேள்வி: காரம் போட்டால் சோப்பாகுமா, ஆகாதா?

பாஸ்ஃபோலிப்பிடு சோப்பாகும். கிளிசராலில் இரண்டு இடத்தில் கொழுப்பு அமிலம், மூன்றாவதில் பாஸ்ஃபேட், அதன் நுனியில் பெரும்பாலும் கோலின். பாஸ்ஃபேட் தலை தண்ணீரை விரும்பும், இரண்டு வாலும் வெறுக்கும். தண்ணீரில் போட்டால் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு இரட்டை அடுக்காக நிற்கும். நம் ஒவ்வொரு உயிரணுவின் சவ்வும் அந்த அடுக்குதான். முட்டை மஞ்சள் கருவால் மயோனெய்ஸ் கட்டுவதும் இதே குணத்தால். செக்கில் ஆட்டிய எண்ணெயை வடிக்காமல் அடுப்பில் வைத்தால் நுரைத்துப் பொங்குவதில் இந்தப் பாஸ்ஃபோலிப்பிடுகளுக்கும் ஈரத்துக்கும் பங்குண்டு. நான்கைந்து நாள் தெளியவிட்டு, அடிக் கசடு கலங்காமல் மேலாக எடுத்தால் தொல்லை குறையும். ஆலைகளில் எண்ணெயைச் சூடாக்கி 2 சதவீதம் அளவு தண்ணீர் கலந்தால் இவை தண்ணீரை ஏற்று உப்பிப் பிசினாகப் பிரியும். சோயா எண்ணெயிலிருந்து வரும் அந்தப் பிசின்தான் கடையில் விற்கும் லெசித்தின். கிளிசராலுக்குப் பதில் ஸ்ஃபிங்கோசின் என்ற நீளச்சங்கிலி அமினோ ஆல்கஹாலை முதுகெலும்பாகக் கொண்ட இன்னொரு கிளை மூளையிலும் நரம்பு உறையிலும் மிகுதி. அதில் கொழுப்பு அமிலம் அமைடு பிணைப்பில் இருப்பதால் காரத்துக்கு எளிதில் அசையாது.

கொலஸ்ட்ரால் சோப்பாகாது. 27 கார்பன், ஒட்டிய நான்கு வளையங்கள், ஒரே ஒரு ஹைட்ராக்சில். கொழுப்பு அமிலமே இல்லை. கொழுப்பைப் போல எரித்து ஆற்றல் பெறவும் உடலால் முடியாது. பித்த அமிலமாக்கியோ அப்படியேவோ வெளியேற்ற வேண்டும். தாவரங்களில் இதன் இடத்தில் இருப்பது பீட்டா சிட்டோஸ்டெரால் போன்றவை. எனவே கடலெண்ணெய் உறையில் ‘கொலஸ்ட்ரால் அற்றது’ என்று போடுவது, அரிசி மூட்டையில் ‘எலும்பு அற்றது’ என்று போடுவதற்குச் சமம். கரோட்டின், வைட்டமின் ஏ, டி, ஈ, கே எல்லாம் இந்தச் சோப்பாகாத பக்கம்தான். பெரும்பாலான எண்ணெய்களில் இந்தப் பங்கு எடையில் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது.

மெழுகு என்பது நீளமான ஆல்கஹாலும் நீளமான அமிலமும் சேர்ந்த எஸ்டர், கிளிசரால் கிடையாது. தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகும். சூரியகாந்தி எண்ணெய் குளிரில் கலங்குவது விதைத்தோலிலிருந்து வந்த மெழுகால். கடையில் வாங்கும் வெள்ளை மெழுகுவத்தி இந்த வகையே அல்ல. அது பெட்ரோலியப் பாரஃபின், வெறும் ஹைட்ரோகார்பன், எஸ்டர் எதுவும் இல்லை.

அதன் திரவத் தம்பியான லிக்விட் பாரஃபினைத்தான் எண்ணெயில் கலப்படம் செய்கிறார்கள். அதைப் பிடிக்க ஹோல்டே சோதனை: 1 மில்லி எண்ணெயில் 0.5 நார்மல் ஆல்கஹால் காரக் கரைசல் 25 மில்லி விட்டு, குளிர்விப்பான் பொருத்தி, வெந்நீர்த் தொட்டியில் எண்ணெய்த் துளி எதுவும் தெரியாமல் தெளியும் வரை வைத்து, பிறகு வாயகன்ற சூடான சோதனைக் குழாய்க்கு மாற்றி, கொதிநீர் 25 மில்லியை ஓரமாகச் சரித்து ஊற்றி லேசாக ஆட்ட வேண்டும். தூய எண்ணெய் முழுக்கச் சோப்பாகியிருக்கும், கரைசல் தெளிவாகவே நிற்கும். லிக்விட் பாரஃபின் இருந்தால் கலங்கும். அரைகுறையாகச் சோப்பான எண்ணெயும் கலங்கும் என்பதால் சந்தேகமிருந்தால் இன்னும் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு மறுபடி பாருங்கள். தவிட்டு எண்ணெயில் மட்டும் சோப்பாகாத பங்கு 3–4 சதவீதம் வரை இயல்பாகவே உண்டு. அதில் தெரியும் லேசான மங்கலை வைத்து யார் மேலும் புகார் எழுத வேண்டாம்.